கால் படாமல் நாவுல வரை

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது கறுவாப்பட்டை வாங்கப் போன இடத்தில். இதை மறைத்து என்ன ஆகப்போகிறது. மாத்தளைக் கடைத்தெருவில் ஸஹாப்தீன் நானாவின் சரக்குக் கடைக்குள் பகல் இரண்டு மணிக்கு நுழைந்தேன். அவர் சாய்மனைக் கதிரையில் கண்ணை மூடிக் கிடந்தார். இடது கை வயிற்றின் மேல். வலது கை மட்டும் முழங்கையிலிருந்து நேரே மேலே நின்றது, வகுப்பில் பதில் தெரிந்த பிள்ளை தூக்குகிற மாதிரி.

நான் முப்பது வருடம் படிப்பித்தவள். தூக்கிய கையைக் கண்டால் வாய் தானாகத் திறந்துவிடும். "சொல்லுங்க," என்றேன். கொஞ்ச நேரத்தில் அந்தக் கை தொப்பென்று விழுந்து கதிரைச் சட்டத்தில் அடிபட, மனிதர் துள்ளி எழுந்தார். என்னைக் கண்டதில் அவருக்கு ஒரு சந்தோஷமும் இல்லை.

"நாலந்த வரைக்கும் போயிட்டேன் டீச்சர்," என்றார். "இன்னும் கொஞ்சம்தான் இருந்திச்சு."

இப்படி ஒரு வசனத்தைக் கேட்ட பிறகு கறுவாவை மட்டும் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போக முடியுமா?

2

போனேன். போய் எழுத உட்கார்ந்தேன்.

ரிவர்ஸ்டன் மலையைப் பனி மூடியிருந்த ஒரு மாலையில் ஸஹாப்தீனின் ஆத்மா தன் கூட்டை விட்டு—

(இல்லை. அவர் ரிவர்ஸ்டனுக்குப் போனவரே இல்லை, குளிர் ஒத்துக்கொள்ளாது. பனி என் கைவேலை.)

மனிதன் என்பவன் உடலா, உயிரா என்ற கேள்வி தொன்றுதொட்டு—

(இதைத் தொடர்ந்தால் உங்களுக்கு முன் நான் தூங்கிவிடுவேன்.)

நேராகவே சொல்கிறேன். ஸஹாப்தீனுக்கு ஒரே மகள், றுஸ்னா. இரண்டு வருடத்துக்கு முன் நாவுலவில் பெரிய வெங்காயம் பயிரிடுகிற அஸ்ஹருக்குக் கட்டிக் கொடுத்தார். மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து இருப்பதுதான் அவர்கள் வழக்கம். அதற்காகவே கடைக்குப் பின்னாலுள்ள வீட்டின் மேல் ஒரு மாடி எடுத்தார். அறைக்கு மேற்கே பெரிய ஜன்னல் வைத்தால் பின்னேர வெயில் முகத்தில் அடிக்கும் என்று மேசன் சுந்தரலிங்கம் எவ்வளவோ சொன்னார். மகளுக்கு மலை தெரிய வேண்டும் என்று சொல்லி இவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மூன்று மாதம் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. பிறகு வெங்காயம் போடுகிற காலம் வந்தது. தோட்டத்தை மாத்தளை மாடியில் இருந்துகொண்டு பார்க்க முடியாது என்று அஸ்ஹர் நாவுலவுக்குத் திரும்பினான். றுஸ்னாவும் பெட்டியைக் கட்டிக்கொண்டு கூடப் போனாள். கட்டிய மாடியை மகளே வேண்டாம் என்றுவிட்டாள் என்று ஸஹாப்தீன் எடுத்துக்கொண்டார். வாசலில் நின்று, நாலு பேர் கேட்க, அல்லாஹ் மேல் ஆணையாக இனித் தன் கால் நாவுல மண்ணில் படாது என்று சொல்லிவிட்டார். மகளும் அவருடைய மகள்தானே. வாப்பா தன் வாயால் ஒரு வார்த்தை சொல்லி அனுப்பும் வரை அந்த வீட்டுப் பக்கம் வரமாட்டேன் என்று அவளும் சொல்லிவிட்டாள்.

இப்போது றுஸ்னாவுக்குக் குழந்தை பிறந்து இரண்டு மாதம். பெண் குழந்தை, அஸ்ரா. மூத்தவாப்பாவான ஸஹாப்தீன் இன்னும் பார்க்கவில்லை.

(அடிக்குறிப்பு போல ஒன்று: தம்புள்ளைக்குச் சரக்கெடுக்கப் போகிற பஸ் நாவுலவைத் தாண்டித்தான் போகிறது. நாவுல ஸ்டாண்டில் பஸ் நிற்கும்போது ஸஹாப்தீன் இரண்டு காலையும் தூக்கி முன் சீட்டின் கம்பியில் வைத்துக்கொள்வாராம். பஸ்ஸின் தரை மண் இல்லை என்பது அவருக்கும் தெரியும். இருந்தாலும் ஒரு பேணுதல்.)

3

ஆணையை முறித்தால் அதற்குப் பரிகாரம் இருக்கிறது: பத்து ஏழைகளுக்குச் சாப்பாடு. ஸஹாப்தீன் அறியாததல்ல. நான் கேட்டதற்கு அவர் சொன்ன பதிலை அப்படியே தருகிறேன்.

"பத்துப் பேருக்குச் சோறு குடுக்க ஏலும் டீச்சர். பத்துப் பேருக்கும் காரணம் சொல்ல ஏலாது."

இந்த நிலையில்தான் அவருடைய கைபேசியில் அந்த வீடியோ வந்தது. உடம்பைத் தூங்க விட்டு, அறிவை மட்டும் விழித்திருக்கப் பழக்கினால், உடம்பை விட்டு வெளியே வந்து விரும்பிய இடத்துக்குப் போய் வரலாமாம். தூக்கம் கண்ணைக் கட்டும்போது கையை உயர்த்தி வைக்க வேண்டும். அறிவும் சேர்ந்து தூங்கினால் கை விழுந்து எழுப்பிவிடும். விழாமல் நின்றால் வழி திறக்கும்.

ஸஹாப்தீனுக்கு இதில் புதிதாக ஒன்றும் இல்லை. தூக்கத்தில் ரூஹ், அதாவது உயிர், போய் வருகிறது என்று பள்ளிவாசலில் பயான் கேட்டவர்தான். போகும்போது தானும் கூட விழித்திருக்கலாம் என்பதுதான் புதுச் செய்தி. அதைவிட முக்கியமான ஒன்று அவருக்கு உடனே பிடிபட்டது. ரூஹுக்குக் கால் இல்லை.

மதிய லுஹர் தொழுது, சாப்பிட்டு, கைலூலா என்று அரை மணித்தியாலம் கண்ணயர்வது அவருக்கு வாலிப காலத்து வழக்கம். அன்றிலிருந்து கைலூலா பயிற்சியாக மாறியது. முதல் வாரம் வெறும் குறட்டை. இரண்டாம் வாரம் காதுக்குள் தேனீ இரைவது போல ஒரு சத்தம், பிறகு உடம்பு கனத்து, தான் மட்டும் லேசாகி, முகட்டோடு முட்டிக்கொண்டு நின்றாராம். கீழே தன் வழுக்கையைப் பார்த்தாராம். மின்விசிறியின் மேல் பக்கத்தில் விரல் கனத்துக்குத் தூசி இருந்ததாம். எழுந்ததும் ஏணி வைத்து ஏறிப் பார்த்தார். தூசி இருந்தது.

(மின்விசிறிக்கு மேலே தூசி இருக்கும் என்று சொல்ல உடம்பை விட்டுப் போகத் தேவையில்லை. இதை நான் அவரிடம் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன்.)

அடுத்தது பிரயாணம். அலுவிகாரை, பலாபத்வெல, நாலந்த என்று பஸ் போகிற வழியிலேயே போனார். பறக்கிற ரூஹுக்கு ரோட்டு எதற்கு நானா என்றேன். வழி தெரிய வேண்டாமா என்று திருப்பிக் கேட்டார். ஒவ்வொரு பஸ் ஹோல்டிலும் நின்று நின்றுதான் போனார் என்று எனக்கு ஒரு சந்தேகம். அதனால்தான் நான் கறுவா வாங்க நுழைந்தபோது இன்னும் நாலந்தவிலேயே இருந்திருக்கிறார்.

4

இந்த இடத்தில் கதாபாத்திரத்தின் மேல் எனக்கு நம்பிக்கை ஆட்டம் கண்டது. ஏனென்றால் அதற்கடுத்த வாரம் அவர் நாவுலவை அடைந்துவிட்டார். குழந்தைக்கு மஞ்சள் சட்டை என்றார். வயிற்று வலியில் முந்தின இரவு தூங்கவில்லை என்றார். எல்லாம் சரி என்று மனைவி கைறுன்னிஸா சொன்னார்.

கைறுன்னிஸாவுக்கு எப்படித் தெரியும்? மாதத்தில் ஒரு நாள் பிரஷர் கிளினிக் என்று புறப்படுகிறவர் நாவுலவுக்குத்தான் போகிறார். (அந்த நாட்களில் மட்டும் பெற்ற பெண்ணுக்குக் கொடுக்கிற பேறுகாலச் சரக்கு ஒரு பொதி, யாரும் கேட்காமல், கடை மேசையில் கட்டி வைக்கப்பட்டிருக்கும். கிளினிக்கில் யாருக்குப் பிள்ளை பிறந்தது என்று கணவரும் சொல்லவில்லை, மனைவியும் கேட்கவில்லை.)

குசினிக்கு என்னைக் கூட்டிப் போய்த் தேத்தண்ணி தந்து மற்றதையும் சொன்னார். கடைக்கும் குசினிக்கும் நடுவில் ஒரு பலகைத் தடுப்புதான். அவர் கண்ணை மூடியதும் இவர் மகளுக்குப் போனில் கோல் எடுப்பார். பிள்ளை என்ன உடுத்தியிருக்கு, ராவு தூங்கினதா என்று கேட்டு, கேட்டதைத் தானும் ஒருமுறை திருப்பிச் சொல்வார். அது பலகையைத் தாண்டி ஸஹாப்தீனின் காதுக்குப் போய், அங்கிருந்து நாவுலவுக்குப் போய்விடும்.

"ஒரு நாள் சும்மா பச்சத் தொப்பி போட்டிருக்கான்னு சத்தமாச் சொன்னேன் டீச்சர். எழும்பி வந்து, பச்சத் தொப்பி நல்லா இருக்குங்கறாரு. புள்ளைக்குத் தொப்பியே இல்ல." சிரித்தார். பிறகு சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார். "அவருக்கிட்டச் சொல்லிராதீங்க. அந்த அர மணித்தியாலந்தான் அவரு சந்தோசமா இருக்காரு."

5

கதை இத்தோடு நின்றிருந்தால் பலகைத் தடுப்பு என்று தலைப்பு வைத்து முடித்திருப்பேன். நிற்கவில்லை. ஒரு திங்கட்கிழமை ஸஹாப்தீன் கை விழாமலே எழுந்து, செருப்பும் போடாமல் குசினிக்கு வந்தார்.

"தொட்டில் ஜன்னல் பக்கத்துல கெடக்கு," என்றார். "வெயில் புள்ளட மூஞ்சில அடிக்குது. தொட்டில நகத்தச் சொல்லு றுஸ்னாவுக்கு. நான் சொன்னேன்னு சொல்லு."

கைறுன்னிஸாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அன்று றுஸ்னாவின் போன் ஓஃப். இவர் பேசவே இல்லை. பலகையைத் தாண்டி ஒரு சொல்லும் போகவில்லை.

சாயங்காலம் போன் கிடைத்தது. வாப்பா சொன்னதைச் சொன்னார். வாப்பாவே சொல்லச் சொன்னாரா என்று அந்தப் பக்கம் ஒருமுறை கேட்டுக்கொண்டாள். பிறகு, "சரி உம்மா, நகத்திட்டேன்னு சொல்லுங்க," என்றாள் றுஸ்னா. கணவருக்கு அப்படியே சொன்னார். அன்றைக்கு ஸஹாப்தீன் இரண்டு பிடி சோறு கூடுதலாகச் சாப்பிட்டார்.

எனக்குத்தான் தூக்கம் போனது. உண்மையிலேயே போய் வந்துவிட்டாரா? நான் இவ்வளவு நேரம் கேலி செய்ததெல்லாம்? போன் இலக்கத்தை வாங்கி றுஸ்னாவிடம் நேரே கேட்டேன். தொட்டில் ஜன்னல் பக்கம் இருந்ததா, வெயில் அடித்ததா?

"இந்த அறையில ஜன்னலே இல்ல டீச்சர்," என்றாள்.

அவளே தொடர்ந்தாள்.

"அந்த ஜன்னல் மாத்தளையில இருக்கு. வாப்பா எனக்குக் கட்டின மேல் அறையில. ரெண்டு மணிக்குப் பொறகு அதுலதான் வெயில் அடிக்கும்."

நாவுலவுக்கென்று புறப்பட்ட ரூஹ் அன்றைக்கு பஸ் ரோட்டுப் பக்கமே போகவில்லை. சொந்த வீட்டு மாடிப்படி ஏறி, பூட்டிக் கிடக்கிற அறைக்குள் பேத்தியின் தொட்டிலைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறது. இதை எழுதும்போது எனக்கு அழுகை வந்தது. கேலியாக எழுதத் தொடங்கிய கதையில் இப்படி ஆவது நல்லதல்ல, என்ன செய்ய.

வாப்பா வாயால் ஒரு வார்த்தை வேண்டும் என்று காத்திருந்தவளுக்கு வார்த்தை வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை வருகிறேன் என்றாள்.

6

முடிவு ஒன்று: ஸஹாப்தீன் கண் விழிக்கிறார், மகளைக் கட்டிக்கொண்டு அழுகிறார், மாடி திறக்கப்படுகிறது, பிரியாணி வேகிறது. (பிரியாணி எனக்கும் பிடிக்கும். ஆனால் வெங்காயத் தோட்டம் இன்னும் நாவுலவில்தான் இருக்கிறது.)

முடிவு இரண்டு: கை வழக்கம்போலத் தொப்பென்று விழுகிறது, குழந்தை அலறுகிறது, இவளை யார் உள்ளே விட்டது என்று அவர்—

(வேண்டாம்.)

நடந்ததைச் சொல்கிறேன். ஜும்ஆ முடிந்து, கடை பாதி சாத்தி, அவர் கதிரையில் கண்ணை மூடிக் கிடந்தார். கை மேலே நின்றது. றுஸ்னா வந்தாள். அஸ்ஹர் வெளியிலேயே மோட்டார் சைக்கிளோடு நின்றுகொண்டான். அவள் செருப்பைக் கழற்றி, சத்தமில்லாமல் நடந்து, குழந்தையைக் கொண்டுபோய் அவர் நெஞ்சில் கிடத்தி, விழாமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டாள். கைறுன்னிஸா பலகையைப் பிடித்தபடி நின்றார். கறுவா வாங்குவதாகச் சொல்லிக்கொண்டு நானும் நின்றேன்.

அந்தக் கை விழுவதைப் பல தடவை பார்த்திருக்கிறேன். தூங்குகிறவன் கை ஒரேயடியாக விழும். அன்றைக்கு அது விழவில்லை. மெல்ல மெல்ல இறங்கி வந்து, குழந்தையின் முதுகில் படிந்தது.

கண் மூடியபடியே கேட்டார்: "இப்ப மூஞ்சில வெயில் இல்லயே?"

"இல்ல வாப்பா," என்றாள் றுஸ்னா. "நகத்திட்டேன்."

இனி அவர் கண்ணைத் திறக்க வேண்டும். திறந்தால் எங்கே இருக்கிறோம் என்பது தெரிந்துவிடும். மாத்தளையா, நாவுலவா என்று முடிவு செய்ய வேண்டி வரும். பத்துப் பேருக்குக் காரணமும் சொல்ல வேண்டி வரும். திறக்காவிட்டால் பேத்தி நெஞ்சில் கிடக்கிறாள், ஆணையும் முறியவில்லை.

நான் கறுவாவை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். எழுப்புவதானால் நீங்கள் போய் எழுப்புங்கள். என்னால் ஏலாது.