வெயிலில் மட்டும் வரும் வாடை

வீட்டில் அவளுக்கு வைத்த பட்டப்பெயர் மூக்கி. அடுப்பில் பால் அடிப்பிடித்தால் மாடி அறையிலிருந்தே குரல் கொடுப்பாள். ஆனால் கொஞ்ச நாளாக மத்தியானத்தில் தானும் தங்கையும் படுக்கும் அறையில் பிளாஸ்டிக் பொசுங்கும் வாடை வருகிறது என்று சொன்னபோது மட்டும் யாரும் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அம்மா வேலை முடிந்து வருவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். வெயில் போனால் வாடையும் போய்விடும். அம்மா மூக்கை உறிஞ்சிப் பார்த்துவிட்டு, பரீட்சை வந்தால் உனக்கு என்னென்னவோ தோன்றும் என்று போய்விடுவாள்.

அவள் அறைக்கு நேர் மேலே மொட்டைமாடியில் சோலார் பேனல்கள். போட்டவர் மாமா, அம்மாவுக்கு ஒரே தம்பி. எந்தத் தொழிலும் ஒட்டாமல் அலைந்து, கடைசியில் இந்த வேலையைக் கற்றுக்கொண்டு வந்து, முதன்முதலில் கைவைத்தது அக்கா வீட்டில்தான். அதைக் காட்டித்தான் தெருவில் இன்னும் சில வீடுகளைப் பிடித்தார். அவரை யாராவது ஒரு வார்த்தை சொன்னால் அம்மா வரிந்துகட்டிக்கொண்டு வந்துவிடுவாள்.

அன்று பள்ளி விடுமுறை. உச்சி வெயிலில் வாடை தாங்காமல் அவள் மேலே போய்ப் பேனலுக்கு அடியில் குனிந்து பார்த்தாள். ஒயரும் ஒயரும் சேரும் இடத்தில் மாட்டியிருந்த கறுப்பு கனெக்டர் ஒன்று மெழுகு மாதிரி இளகித் தொங்கியது. அதை ஒட்டிய சுவரில் கரி. தொடப் பயந்து இறங்கி வந்தவள், தங்கையைக் கூட்டிக்கொண்டு முன்னறையிலேயே உட்கார்ந்திருந்தாள். அம்மா வந்தபோதும் வாய் திறக்கவில்லை. தங்கை தூங்கி, தெருவும் அடங்கிய பிறகுதான், துணி மடித்துக்கொண்டிருந்த அம்மாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள்.

அம்மா மடிப்பதை நிறுத்தவில்லை. இப்போதைக்கு இன்வெர்ட்டரை அணைத்து வைப்போம், அவனிடம் பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்றாள். அணைத்தாலும் வெயில் பட்டால் ஒயரில் கரண்ட் இருக்கும், மாமாவே சொன்னதுதான் என்றாள் மகள்.

"இப்பத்தான் அவன் நிமிர்ந்து நிக்கிறான்டி. இது வெளிய தெரிஞ்சா அவன் பொழப்புல மண்ணு."

"தங்கச்சி கட்டில் அதுக்கு நேர் கீழ இருக்கும்மா."

அம்மாவின் கை அப்படியே நின்றது. எழுந்து டார்ச்சை எடுத்துக்கொண்டு மேலே போனாள். கனெக்டர் சில்லென்று இருந்தது. விரலை எடுத்துப் பார்த்தால் கறுப்பு அப்பியிருந்தது. அங்கே நின்றபடியே தம்பிக்குப் போன் போட்டாள்.

மாமா கலைந்த தலையோடு வண்டியில் வந்து சேர்ந்தார்.

"என்ன மூக்கி, என் தொழிலையே மோந்து பாக்க ஆரம்பிச்சிட்டியா?"

யாரும் சிரிக்கவில்லை. அவரும் டார்ச்சை வாங்கிக்கொண்டு பேனலுக்கு அடியில் தலையை விட்டார். இருட்டில் பயமில்லை, பிரிக்கலாம் என்று முனகிவிட்டு கனெக்டரைப் பிரித்தார். லேசாக இழுத்ததுமே ஒயர் தனியாகக் கையோடு வந்துவிட்டது.

பேனல் போட்ட அன்றைக்கு ஜோடியில் ஒரு பக்கத்துக்குக் கனெக்டர் குறைந்ததாம். வேறு கடையில், வேறு கம்பெனி உருப்படி ஒன்று வாங்கி மாட்டினாராம். டக்கென்று பூட்டிக்கொண்டதால் சரியாகிவிட்டது என்று நினைத்தாராம். ஒயர் முனையை அழுத்திப் பிடிக்கும் கருவி அப்போது கையில் இல்லை, கட்டிங் பிளேயரால் நசுக்கிவிட்டாராம். இவ்வளவையும் அவர் அந்தக் கருகின துண்டிடமே சொல்லிக்கொண்டிருந்தார்.

அம்மா திட்டுவாள் என்று மகள் காத்திருந்தாள். அம்மா கேட்டது ஒன்றுதான்.

"மத்த வீட்டுலயும் இப்படித்தான் போட்டியாடா?"

அவர் கருகின துண்டைக் கீழே வைத்தார்.

"எல்லா வீட்டுலயும் இல்லக்கா. எந்தெந்த வீட்டுலன்னுதான் ஞாபகம் இல்ல."

இவ்வளவு நேரம் மகள் பயந்தது ஒரு கட்டிலுக்காக மட்டும். இப்போது தெரு முழுக்க இருட்டில் தெரிந்த மாடிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"அப்ப எல்லாருக்கும் சொல்லு. வெயில் ஏறுறதுக்குள்ள சொல்லு" என்றாள் அம்மா.

"இந்த நேரத்துல எழுப்பி இதைச் சொன்னா காறித் துப்புவாங்கக்கா."

"துப்பட்டும். தொடச்சுக்க."

மாமா தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்தார். போனை எடுத்தார். அம்மா பக்கத்தில் போய் அவர் தோளில் கை வைத்தாள். அவர் முதல் எண்ணை அழுத்தினார். எதிர் வீட்டு ஜன்னலுக்குள் மணி அடிப்பது மாடி வரைக்கும் கேட்டது. அடித்துக்கொண்டே இருந்தது. பிறகு அங்கே விளக்கு எரிந்தது. மாமா தொண்டையைச் செருமிக்கொண்டு, தான் யார் என்று சொல்ல ஆரம்பித்தார்.