டிக் போடாத கட்டம்

திண்டிவனத்தில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருந்த தென்னரசு, ஊர் மெஷினையெல்லாம் சரிசெய்தவன். தன் வீட்டு மெஷினில் ஒரே ஒரு கட்டத்தில் டிக் போடாமல் மூன்று வருஷம் கடத்தினான். கேட்டது அவன் மனைவி அமலா.

அமலா வீட்டுப் பிளான் வரைந்து கொடுப்பவள். அவள் பழகிய சாஃப்ட்வேர் பழசு, புது லேப்டாப்பில் ஓடாது. அதனால் லேப்டாப்புக்குள்ளேயே பழைய விண்டோஸோடு இன்னொரு கம்ப்யூட்டரை, விர்ச்சுவல் மெஷின் என்பார்களே, அதை அவன்தான் போட்டுக் கொடுத்தான். சுவர், கதவெல்லாம் ஒழுங்காக வரும். வரைந்த வீட்டைத் திருப்பி உள்ளே பார்க்கப் போனால் மட்டும் படம் திணறிக் கறுத்துவிடும்.

"கிராபிக்ஸ் ஆக்ஸிலரேஷன்ல ஒரு டிக் போட்டா சரியாவும்னு நீங்கதான சொன்னீங்க? போட்டுக் குடுங்களேன்."

"பழைய மெஷினு, தொங்கிடுச்சின்னா பேஜாரு. பொறு, பாக்கலாம்."

பார்க்கவேயில்லை. கடைக்கு வருகிறவனிடமெல்லாம் 'ஜல்தியா முடிச்சுத் தரேன்' என்ற வாய், வீட்டில் 'பொறு' என்றது. 2014இல் ஒரு காய்ச்சல், ஆறே நாள். புதுச்சேரி ஆஸ்பத்திரியிலிருந்து அமலா உயிரோடு திரும்பவில்லை.

முப்பதாம் நாள் பூசை முடிந்த மத்தியானம், அவள் தங்கை அம்சா லேப்டாப்பைக் கொண்டுவந்து வைத்தாள்.

"மாமா, மரக்காணம் ரோட்டு மனையில நீங்க கட்டப்போற வீட்ட அக்கா வரைஞ்சிக்கினு இருந்திச்சி. கடைசியா ஒரு ரூம் சேத்திருக்கேன், மாமா பொறந்தநாளுக்குக் காட்டுவேன்னு சொல்லிச்சி. பாருங்க."

திறந்ததும், அவள் விட்ட இடத்திலேயே வீடு எழுந்து நின்றது. சமையலறைக்குப் பின்னால் அவன் அறியாத சின்ன அறை ஒன்று. ஜன்னல் வழியே ஏதோ நீலமாகத் தெரிந்தது. உள்ளே பார்க்கத் திருப்பினான். கறுப்பு.

இன்றைக்காவது போட்டுத் தொலைப்போம் என்று செட்டிங்ஸைத் திறந்தான். கட்டம் மங்கிக் கிடந்தது. உள்ளே ஓடும் அந்தப் பழைய மெஷினை முழுசாக அணைத்தால்தான் அதில் டிக் விழும். கடையில் எந்த மெஷின் வந்தாலும் அவன் முதலில் செய்வது அதுதானே, அணைத்துப் போடுவது. பதினைந்து வருஷத்துக் கை, மூளையைக் கேட்கவில்லை. அணைத்தான், டிக் போட்டான், மறுபடி எழுப்பிப் படத்தைத் திறந்தான்.

விரல் பட்டதும் வீடு பம்பரமாய்ச் சுழன்றது. வாசலில் நுழைந்து, கூடம் தாண்டி, சமையலறைக்குப் பின்னால் போனான். வெறும் சுவர்.

"ரூம் எங்க மாமா?"

அப்போதுதான் உறைத்தது. அந்தப் படம் பொங்கலுக்கு முன்னால் சேவ் ஆனது. அதற்குப்பின் அவள் சேவ் செய்யவேயில்லை. வேண்டாம் என்றவனும் அவன்தான். "சேவ் பண்ணிக்கினு கெடக்காத. அப்படியே தூங்க வச்சிட்டு மூடு, எழுப்பினா விட்ட எடத்துலயே இருக்கும்" என்று சொல்லிக் கொடுத்திருந்தான். அவன் சொன்னால் அவளுக்கு வேதவாக்கு. ஒருநாளும் அவள் அதை அணைத்ததில்லை.

அணைத்ததில் போன அறையைத் தெரிந்த வழியிலெல்லாம் தேடினான். கிடைக்கவில்லை.

"உள்ள என்னா வரைஞ்சிருந்தா? உங்கிட்டயாவது சொன்னாளா?"

"இல்ல மாமா. மொதல்ல மாமாதான் பாக்கணும்னுச்சி."

தென்னரசு வாய்விட்டு அழுதான். அம்சா பயந்துபோய், லேப்டாப்பை நிறுத்தக் கை நீட்டினாள்.

"அணைக்காத அம்சா," என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டான். "அணைக்காத."