இயந்திரத்துக்கு வந்த முதுகுவலி

எங்கள் கிடங்கில் பெட்டி தூக்குகிறவர்கள் பதினோரு பேர். அதில் இளையவன் நான். வயது ஐம்பத்தெட்டு. மூன்று மாதமாக வாசலில் 'ஆட்கள் தேவை' அட்டை தொங்கியது. வந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் வந்ததும் உட்கார நாற்காலி கேட்டார். மற்றவர் அவருக்கு அண்ணன்.

அப்புறம்தான் முதலாளி பெட்டி தூக்கும் இயந்திரம் ஒன்றை, அந்த இரும்புக் கையை வாங்கினார். அதற்கு வேலை பழக்க ஓர் ஆள் வேண்டுமாம். கம்பி வைத்துத் தைத்த சட்டையை எனக்கு மாட்டினார்கள். நான் தூக்குவது, திரும்புவது, வைப்பது எல்லாவற்றையும் அது பதிந்துகொள்ளும். ஒரு மாதம். கை பழகிவிட்டால் பதினோரு பேரும் வீட்டுக்குப் போகலாம். என்னிடம் கையெழுத்து வாங்கிய தாளில் அப்படித்தான் இருந்தது. எழுத்துக்கூட்டி இரண்டு தடவை படித்தேன். இரண்டாம் தடவையும் அதேதான் இருந்தது.

"என் சீட்டை நானே கிழிக்கிறேன்," என்றேன் வீட்டில்.

"கவலைப்படாதீங்க. அது உங்களைப் பார்த்து வேலை கத்துக்கிட்டா கம்பெனி உருப்பட்ட மாதிரிதான்," என்றாள் மனைவி.

கோபம் வந்தது. ஆனாலும் ஒரு மாதமும் வஞ்சனை இல்லாமல் உழைத்தேன். என்னிடம் இருந்ததையெல்லாம் அதற்குக் கொடுத்தேன்.

பரீட்சை நாளில் முதலாளி வந்தார். கூடவே இயந்திரத்துக்குப் பொறுப்பான என்ஜினியர் பெண்ணும், எங்கள் சூப்பர்வைசரும். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் 'சீக்கிரம்'. அவர் வாயில் வேறு சொல் வராது.

கை முதல் பெட்டியை இரண்டு தட்டுத் தட்டியது. பிறகுதான் தூக்கியது.

"எதுக்குத் தட்டுது?" என்றார் முதலாளி.

"உள்ளே கண்ணாடி உடைஞ்சிருந்தா சத்தத்துல தெரியுங்க," என்றேன்.

"அதுக்குக் காதே இல்லையேய்யா."

அதற்கு நான் என்ன செய்ய? ஒன்பதாவது பெட்டியை வைத்ததும் கை பின்னால் வளைந்து தன் தூணையே பிடித்துக்கொண்டு நின்றது.

"இது என்னங்க ஐயா?" என்றாள் அந்தப் பெண்.

"முதுகுப்பிடிப்பும்மா. ஒன்பதாவது பெட்டிக்குச் சரியா வந்துடும்."

அதுகூடப் பரவாயில்லை. பதினொன்றே கால் ஆனதும் கை துவண்டு தொங்கிவிட்டது. தட்டிப் பார்த்தார்கள், அணைத்துப் போட்டார்கள். அசையவில்லை.

"பதினொண்ணே காலுக்கு என்ன?" என்றார் முதலாளி.

நான் கூரையைப் பார்த்தேன். மற்ற பத்துப் பேரும் கூரையைப் பார்த்தார்கள்.

"சொல்லுய்யா."

"அப்பதாங்க சூப்பர்வைசர் புகை பிடிக்கப் போவார். நாங்க பெட்டி மேல கொஞ்சம் சாய்வோம்."

சீக்கிரம் முதல் தடவையாக மெதுவாகத் திரும்பி முதலாளியைப் பார்த்தார். சரியாக இருபது நிமிடம் கழித்துக் கை விழித்துக்கொண்டு அடுத்த பெட்டியைத் தட்டியது.

எல்லாவற்றையும் அழித்துவிட்டு, முதுகு நேராக உள்ள ஒருவரை வைத்துப் பழக்க வேண்டும் என்றாள் அந்தப் பெண். வாசலில் புது அட்டை தொங்கியது: 'முப்பது வயதுக்குள், முதுகுவலி இல்லாதவர் தேவை.' இரண்டு வாரம் ஓர் ஈ காக்கைகூட வரவில்லை. நாற்காலி கேட்டவர் மட்டும் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

நேற்று சட்டையை மறுபடி எனக்கே மாட்டினார்கள். இன்னும் ஒரு மாதம்.

"இந்தத் தடவை முதுகைப் பிடிக்காம தூக்குங்க ஐயா."

"பார்க்கிறேம்மா."

ஒன்பதாவது பெட்டிக்கு என் கை தானாக முதுகுக்குப் போனது. இன்று காலையிலிருந்து இடது முழங்காலும் லேசாகப் பிடிக்கிறது. அதையும் மறைக்காமல் காட்டிவிட வேண்டும்.