காக்கிச் சட்டையில் ஒரு விசில் வளையம்

பிரிக்பீல்ட்ஸில், சாப்பாட்டுக் கடைக்கு மேல்மாடியில், யுகேந்திரன் ஒரு அருங்காட்சியகம் திறந்தார். ஜப்பான்காரன் காலத்தில் இங்கிருந்து இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்து பர்மா எல்லைவரை போனவர்களுக்காக. படி ஏறும்போதே மீன்கறி வாசம். தேசபக்தியோடு பசியும் வரும்.

பழைய பொருள் இருந்தால் கொடுங்கள் என்று அவர் வீடு வீடாகக் கேட்டபோது, எங்கள் அடுக்குமாடி புளோக்கில் இருக்கும் கேத்தரின் ஆன்டி தன் அப்பாவின் காக்கிச் சட்டையைக் கொடுத்தார். அப்பா சண்டைக்குப் போன கதையை ஆன்டி சொல்லாத லிஃப்ட் பயணம் கிடையாது. அந்துருண்டை வாசத்தோடு வந்த சட்டையை ரம்லத் அக்காவின் துணிக்கடைப் பொம்மைக்கு மாட்டினார்கள். பொம்மை கல்யாண மாப்பிள்ளை மாதிரி சிரித்தது. யாரும் அதைக் கண்டுகொள்ளவில்லை.

திறப்பு விழாவுக்குக் கிள்ளானிலிருந்து ஆன்டியின் அண்ணன் செபாஸ்டியன் அங்கிள் வந்தார். அப்பாவைப் போலவே ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எல்லாரும் பொம்மைக்கு முன்னால் படம் பிடித்துக்கொண்டிருக்க, அவர் மட்டும் சட்டைப்பை ஓரத்தில் இருந்த துணி வளையத்தையே பார்த்தார். பிறகு தங்கையை ஓரமாக அழைத்தார். நான் கேசரி எடுக்கும் சாக்கில் பக்கத்தில் போனேன்.

"இது விசில் கயிறு மாட்டுற வளையம், கேத்தி. அப்பா ரயில் கார்டா இருந்தப்ப போட்ட சட்டை."

ஆன்டி வளையத்தைத் திரும்பிப் பார்த்தார். "அப்ப, அப்பா சண்டைக்குப் போகலையா?"

"போனாரு. வெள்ளக்காரன் திரும்பி வந்ததும், சண்டையில போட்ட சட்டைய அம்மா அடுப்புல போட்டுட்டாங்க. அது வீட்டுல இருந்தா ரயில்வேல வேல குடுப்பானா?"

இந்தச் சட்டையை விட்டால், அப்பா போனார் என்பதற்கு ஆன்டியிடம் வேறு அத்தாட்சி இல்லை. யுகேந்திரன் காதிலும் விழுந்துவிட்டது. வளையத்தைப் பிரித்துவிடலாம், யாருக்குத் தெரியப்போகிறது என்றார். ரம்லத் அக்கா கைப்பையில் கத்தரிக்கோல்கூட இருந்தது. ஆன்டி வேண்டாம் என்றார். சட்டையையே கழற்றிவிடவா என்றார் யுகேந்திரன். அதற்கும் வேண்டாம்.

எங்கள் புளோக்கில் விஷயத்தை எந்த மாடியிலிருந்து சொல்ல ஆரம்பிப்பது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். ஆன்டியோ நேரே பொம்மையிடம் போய், வளையத்துக்குள் விரலை விட்டு, வந்தவர்களுக்குக் காட்டினார்.

"இது சண்டையில போட்ட சட்டை இல்லலா. அத எங்கம்மா எரிச்சிட்டாங்க. இது, திரும்பி வந்து எங்களுக்குச் சோறு போட்டப்ப போட்டிருந்தது."

அடுத்த கூட்டம் படியேறி வந்தது. ஆன்டி முதலிலிருந்து ஆரம்பித்தார். நான் கூட்டத்தோடு கூட்டமாக நின்று, ஒன்றும் தெரியாதவள்போல் கேட்டேன்.