புதுமாப்பிள்ளைப் பெட்டியில் ஒரு சாறன் குறைவு

ஆதிலாவின் வீட்டில் கதவுகளும் இருந்தன. ஆனால் ஆட்சி நடத்தியது என்னவோ திரைச்சீலைதான். முன்கூடத்துக்கும் உள்ளறைக்கும் நடுவே தொங்கிய அந்த நீலத் திரைக்கு இந்தப் பக்கம் அவளுடைய மாப்பிள்ளை பர்ஸான், அந்தப் பக்கம் அவளுடைய உம்மா ஸுலைஹா. கல்யாணம் முடிந்து ஐந்து மாதமாகியிருந்தது. வழமைப்படி பர்ஸான் சாய்ந்தமருதிலிருந்து மருதமுனைக்கு, பெண் வீட்டுக்குக் குடிவந்திருந்தான். மருமகனோடு முகம் பார்த்துக் கதைப்பது மரியாதையில்லை என்று உம்மா ஒதுங்கினாள். மாமியே ஒதுங்கும்போது நான் வாய் திறந்தால் என்னைப் பற்றி என்ன நினைப்பார்கள் என்று பர்ஸானும் ஒதுங்கினான். இரண்டு பக்கமும் மரியாதை வழிந்தது. நடுவில் நின்று அதை அள்ளி இறைத்தவள் ஆதிலா.

"உம்மாட்டச் சொல்லு, கறிக்கு உப்புப் புளி அளவா இரிக்கி எண்டு," என்பான் பர்ஸான், உம்மாவுக்கு நன்றாகவே கேட்கும்படி.

"இன்னொரு துண்டு மீன் எடுக்கச் சொல்லுகா," என்பாள் உம்மா, பர்ஸானுக்கு நன்றாகவே கேட்கும்படி.

ஆதிலா இரண்டையும் திரும்ப ஒருமுறை சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் மீன் சட்டியிலேயே கிடக்கும். சில நாட்களில் அவளுக்குச் சிரிப்பு வரும். சில நாட்களில் திரையைக் கழற்றித் துவைக்கப் போட்டுவிட்டு அப்படியே மறந்துவிடலாமா என்றிருக்கும்.

இந்த லட்சணத்தில்தான் மூன்று பேரும் சேர்ந்து ஒரு வியாபாரம் நடத்தினார்கள். ஆதிலா இணையத்தில் ஒரு கடை வைத்திருந்தாள். இடுப்பில் கட்டும் மருதமுனைச் சாறன், தொப்பி, அத்தர், இனிப்புக்கு மஸ்கட் என்று தனித்தனியாக விற்றுக்கொண்டிருந்தவளுக்கு, நோன்பு தொடங்கமுதல் ஒரு யோசனை உதித்தது. கல்யாணம் முடிந்து வருகிற முதல் பெருநாளுக்கு மருமகனுக்கு உடுப்பும் இனிப்பும் கொடுக்க வேண்டியது பெண்ணின் உம்மா. அந்த உம்மா குவைத்திலோ கட்டாரிலோ வேலைக்கு நின்றால் என்ன செய்வாள்? நான்கு சாமானையும் ஒரே பெட்டியில் அடுக்கி, பச்சை ரிப்பன் கட்டி, 'புதுமாப்பிள்ளைப் பெட்டி' என்று பெயர் வைத்துப் படம் போட்டாள். போட்ட கையோடு ஓடர்கள் வந்து குவிந்தன. இவ்வளவு உம்மாமார் தூரத்தில் இருக்கிறார்கள் என்று அன்றைக்குத்தான் அவளுக்கே தெரிந்தது.

முதல் வாரமே கடை ஒரு குளறுபடி பண்ணியது. பெட்டிக்கு ஒரு கணக்கு, சாறனுக்கு வேறொரு கணக்கு என்று அவள் பதிந்து வைத்திருந்தாள். சாறனைத் தனியாக வாங்கினவர்கள் வாங்கிக்கொண்டு போக, தட்டு காலியாகிக்கொண்டே வந்தது; பெட்டியோ இன்னும் நிறைய இருக்கிறது என்று கடை கூசாமல் பொய் சொன்னது. நெசவுக்காரர் அப்துல் ஹமீட் இரவு பகலாகத் தறியில் இருந்து அந்த முறை மானத்தைக் காப்பாற்றினார். பிறகுதான் ஆதிலா உட்கார்ந்து யோசித்தாள். பெட்டி என்று தனியாக ஒரு சரக்கே கிடையாது. நான்கு சாமான்தான் உண்டு; அந்த நான்கில் எது ஆகக் குறைவாக இருக்கிறதோ, அத்தனை பெட்டிதான் விற்கலாம். ஒரு சாறன் தனியாகப் போனால் ஒரு பெட்டியும் சேர்ந்தே போகும்படி கடையைத் திருத்தி எழுதினாள். அன்று முதல் கணக்கு பிசகவேயில்லை. ஒவ்வொரு ஓடரும் கழிகிறபோது எல்லா எண்களும் ஒன்றாகக் கீழே இறங்குவதைப் பார்க்க அவளுக்கு அப்படி ஒரு ஆனந்தம்.

சாறன்கள் உம்மாவின் அறை அலுமாரியில் இருந்தன. கடல் காற்று அண்டாத இடம் அதுதான். சாறன் கட்டு வந்ததும் உம்மா உள்ளே வாங்கி அடுக்குவாள். பெட்டி கட்டுவது கூடத்தில் பர்ஸானின் வேலை. சாறன் வேண்டுமென்றால் ஆதிலா திரைக்குள் போய் எடுத்து வந்து கொடுப்பாள்.

நோன்பு இருபத்தொன்பது. அன்று மாலை பிறை தெரிந்தால் மறுநாள் பெருநாள். கூரியர்காரர்கள் பொதி எடுப்பதை நிறுத்திவிட்டிருந்தார்கள். கடையில் மிஞ்சியிருந்தது ஒரேயொரு பெட்டி. காலையில் அதற்கும் ஓடர் வந்தது. குவைத்திலிருந்து ஜெஸீமா என்பவர் குரல் பதிவு அனுப்பியிருந்தார்.

"தங்கச்சி, அக்கரைப்பற்றுல இரிக்கிற என்ட மகள் அப்னாட மாப்பிள்ளைக்கு இது முதல் பெருநாள். கலியாணத்தையே நான் போன்லதான் பார்த்த. குடுக்க வேண்டியதக் குடுக்க ஊர்ல நான் இல்ல. படத்தில இரிக்கிற அந்தப் பச்சைச் சாறன் வெச்ச பெட்டி போய்ச் சேர்ந்தா, நானே வந்து குடுத்த மாதிரி."

"கடைசிப் பெட்டி ராத்தா. ஒங்களுக்கெண்டே இருந்திருக்கு. இண்டைக்கே போய்ச் சேர்ந்துரும்," என்று ஆதிலா பதில் அனுப்பினாள். கூரியர் இல்லாவிட்டால் என்ன, பர்ஸானிடம் மோட்டார் சைக்கிள் இருக்கிறது. கடையில் எல்லா எண்ணும் பூச்சியத்துக்கு இறங்கியதைப் பார்த்து மனம் குளிர்ந்து திரையை விலக்கி உள்ளே போனாள். அலுமாரியில் சாறன்களின் தட்டு துடைத்து வைத்ததுபோல் கிடந்தது.

கட்டிலுக்குக் கீழே பார்த்தாள். கூடத்தில் தேடினாள். பர்ஸான் வெறும் அட்டைப் பெட்டிகளையெல்லாம் கவிழ்த்துக் கொட்டினான். தொப்பி இருந்தது, அத்தர் இருந்தது, மஸ்கட் இருந்தது. சாறன்தான் இல்லை. கணக்கை மேலிருந்து கீழும் கீழிருந்து மேலும் பார்த்தாள். கணக்கில் ஒரு குற்றமும் இல்லை.

அப்துல் ஹமீடுக்குப் போன் போட்டாள். "தறி வெறுந்தறியாக் கிடக்கு மகள். பெருநாள் கழிஞ்சுதான் அடுத்த பாவு," என்றார் அவர்.

"கல்முனையில கடையில ஒண்டு எடுத்து வெப்பமா?" என்று பர்ஸானைக் கேட்டாள்.

"அந்தப் பச்சை நிறம் கடையில கிடைக்காது. அவ படத்தப் பார்த்து, அதுதான் வேணுமெண்டு கேட்டவ. மாத்தி வெச்சா, ஊர்ல இல்லாத மனுசியெண்டு ஏமாத்தின மாதிரி," என்றான் பர்ஸான்.

அவன் சொன்னது சரிதான். சரியாக இருந்ததால் அவளுக்குக் கோபம் வந்தது. மன்னிப்புக் கேட்டு ஒரு வரி எழுதினாள், அழித்தாள். குவைத்தில் ஒரு சமையலறையில் அந்த வரியை வாசிக்கப்போகிற முகத்தை நினைத்ததும் கை ஓடவில்லை.

இத்தனை அமளிக்கும் உம்மா வாயே திறக்கவில்லை. அதுதான் ஆதிலாவை உறுத்தியது. சாதாரணமாக ஒரு கரண்டி காணாமல் போனாலே வீட்டைத் தலைகீழாக்குகிற மனுசி. மறுபடி உள்ளே போனாள். உம்மா அலுமாரியில் முதுகைச் சாய்த்து, யாரும் திறந்துவிடாமல் காவல் காப்பவள்போல நின்றாள்.

"உம்மா, தள்ளுங்க."

"சத்தம் போடாத புள்ள. அவருக்குக் கேக்கும்."

அலுமாரியின் மேல் தட்டில், உம்மாவின் தொழுகைத் துணிக்குள் மடித்து வைத்தபடி இருந்தது கடும்பச்சைச் சாறன்.

"முதல் கட்டு வந்த அண்டைக்கே எடுத்து வெச்சிட்டன்," என்று உம்மா கிசுகிசுத்தாள். "அதுலதான் நல்ல நெசவு. மருமகனுக்கு முதல் பெருநாள். ஊர்ல இரிக்கிற மருமகனுக்கெல்லாம் நாங்க பெட்டி கட்டுறம், எங்கட மருமகனுக்கு ஒண்டும் இல்லையா?"

"என்னட்ட ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே."

"ஒனக்குச் சொன்னா அவருக்குச் சொன்ன மாதிரி. இஞ்ச கேட்டத அங்க சொல்றதும் அங்க கேட்டத இஞ்ச சொல்றதும்தானே ஒனக்கு வேலை. குடுக்கப்போற சாமான முதலே தெரியப்படுத்துற பழக்கம் எங்கட குடும்பத்தில இல்ல."

ஆதிலாவுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. ஜெஸீமாவின் குரல் பதிவை எடுத்து உம்மாவின் காதோடு வைத்தாள். நானே வந்து குடுத்த மாதிரி என்ற இடம் வந்ததும் உம்மாவின் கண் கலங்கியது. ஆனாலும் கை அலுமாரிக் கதவை விடவில்லை.

"அந்தப் புள்ளைக்குக் குடுத்தா நான் மருமகனுக்கு எதக் குடுக்கிற? பெருநாள் நெருங்கினாப்போல கடையில ஓடிப்போய் எடுத்ததையா? அவர் என்ன நினைப்பார்? அவர்ட உம்மா என்ன நினைப்பா?"

திரைக்கு அந்தப் பக்கம் ஒரு செருமல் கேட்டது. கிசுகிசு என்று அவர்கள் நினைத்துக்கொண்டிருந்தது கூடம் வரைக்கும் போயிருந்தது.

"ஆதிலா," என்று தொடங்கினான் பர்ஸான். பிறகு நிறுத்தினான். அடுத்ததாக வந்த சொல்லை அந்த வீட்டுச் சுவர்கள் அதுவரைக்கும் கேட்டதில்லை.

"மாமி."

உம்மா முக்காட்டை இழுத்துச் சரிசெய்துகொண்டாள், திரைக்கே கண் இருப்பதுபோல.

"மாமி, எனக்கெண்டு எடுத்து வெச்ச அண்டைக்கே அது எனக்குக் கிடைச்சிட்டு. இனி அது என்ட சாறன். என்ட சாறன நான் விரும்பின ஆளுக்குக் குடுக்கலாம்தானே? அவரும் என்னப் போல ஒரு புதுமாப்பிள்ளைதான். ஆனா நீங்க ஓமெண்டு சொன்னாத்தான் தொடுவன்."

பழக்கதோஷத்தில் ஆதிலா உம்மாவின் பக்கம் திரும்பினாள். "உம்மா, அவர் என்ன சொல்றாரெண்டா..."

"எனக்கும் காது கேக்கும். நீ சும்மா நில்லு," என்றாள் உம்மா.

தொழுகைத் துணியைப் பிரித்துச் சாறனை எடுத்தாள். ஒருமுறை தடவி, மடிப்பைச் சரிசெய்தாள். திரையைத் தன் கையாலேயே விலக்கிக்கொண்டு கூடத்துக்கு வந்து, இரண்டு கையாலும் பர்ஸானிடம் நீட்டினாள்.

"ஓம் மகன்," என்றாள். முகத்தைப் பார்க்காமல் அவனுடைய சட்டைப் பொத்தானைப் பார்த்துக்கொண்டு சொன்னாள், ஆனால் சொன்னாள். "நோன்போட போறீங்க. மெதுவாப் போங்க."

"ஓம் மாமி," என்று பர்ஸானும் சாறனைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

பிறகு மூன்று பேருமாகப் பெட்டி கட்டினார்கள். பர்ஸான் கட்டிய ரிப்பன் கோணல் என்று உம்மா அவிழ்த்துக் கட்டினாள். அத்தர் குப்பி உருண்டு உடையாமலிருக்க மஸ்கட்டுக்குப் பக்கத்தில் துணி வைக்க வேண்டும் என்று பர்ஸான் காட்டிக் கொடுத்தான். ஆதிலாவுக்குச் செய்ய ஒன்றுமில்லை. முகவரி எழுதிய தாளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மோட்டார் சைக்கிள் தெருமுனையில் திரும்பும்வரை உம்மா வாசலிலேயே நின்றாள்.

பிற்பகல் அசர் தொழுது முடித்து, 'பொதி சேர்ந்தது' என்று கடையில் குறிப்பதற்காக ஆதிலா கைபேசியை மடியில் வைத்துக்கொண்டு கூடத்தில் காத்திருந்தாள். அது அடிக்கவில்லை. அடித்தது சமையலறையில், உம்மாவின் போன். பர்ஸானின் இலக்கம் அதில் கல்யாணத்துக்கு முன்பே பதிந்திருந்தது. இந்த ஐந்து மாதத்தில் அந்த இலக்கத்திலிருந்து ஓர் அழைப்பு வந்ததில்லை. உம்மாவின் கையெல்லாம் மாவு. முழங்கையால் அழுத்தி, சத்தமாக வைத்தாள்.

"மாமி, குடுத்தாச்சு. அப்னா உடனே அவட உம்மாவ வீடியோவில எடுத்திட்டா. அந்த மனுசி மருமகனப் பார்த்து, இப்பவே உடுத்துக் காட்டுங்க எண்டு நிண்டுட்டா. அவரும் போட்டிருந்த களுசானுக்கு மேலால சாறனக் கட்டிக்கொண்டு கூடத்தில அங்கயும் இஞ்சயும் நடந்து காட்டினார். எல்லாருக்கும் ஒரே சிரிப்பு."

"அல்ஹம்துலில்லாஹ்," என்றாள் உம்மா. பிறகு சொன்னாள்: "குவைத்தில இருந்தும் அவவுக்கு மருமகன்ட முகத்தப் பார்த்துக் கேக்கக் கிடைச்சிருக்கு. எனக்கு ஒரே வீட்டுக்குள்ள இருந்தும் கேக்கத் தெரியல்ல. மகன், ஒங்களுக்கு என்ன நிறம் புடிக்கும்?"

மறுமுனையில் ஒரு லொறி கடந்து போவது கேட்டது.

"கல்முனையில கடை பூட்டியிருக்காது. ஆதிலாவக் கூட்டிக்கொண்டு ஆட்டோவில போய் எடுத்துக்கொண்டு வாறன். வெக்கப்படாமச் சொல்லுங்க."

"கோவிக்காதீங்க மாமி," என்றான் பர்ஸான். "நீலம் புடிக்கும். பச்சை எனக்கு அவ்வளவு புடிக்காது. அந்தச் சாறன நாளைக்கு எனக்குத் தந்திருந்தா, பச்சை புடிக்காதெண்டத ஒங்களிட்ட எப்பிடிச் சொல்றதெண்டு யோசிச்சுக்கொண்டுதான் பைக்குல போன."

உம்மா சிரித்தாள். வாயைப் பொத்தாமல், முக்காடு நழுவுவதையும் கவனிக்காமல், மாவுக் கையோடு சுவரில் சாய்ந்து நின்று அப்படிச் சிரித்தாள். போனுக்குள்ளிருந்து பர்ஸானின் சிரிப்பும் வந்தது. கூடத்தில் ஆதிலா அந்தப் பொதி சேர்ந்துவிட்டது என்று குறித்தாள். அதை அவளிடம் வந்து சொல்ல வேண்டுமென்று இரண்டு பேரில் ஒருவருக்கும் தோன்றவேயில்லை.