யாஸீனுக்கு மேலே ஒரு பாட்டு

றலியா குர்ஆன் ஓதத் தெரியாதவள் அல்ல. தப்பாக ஓதத் தெரிந்தவள். சாவு நடந்த மௌத்து வீடுகளில் பெண்கள் கூடிக் குர்ஆனின் யாஸீன் அத்தியாயத்தை ஓதும்போது, மதினி ஹவ்வா உம்மா எல்லாருக்கும் கேட்கத் தக்கதாக, "அது தொண்டையில வார ஹா இல்ல புள்ள. நீ சும்மா வாய மூடிட்டு இரி, நன்ம கெடைக்கும்" என்பாள். கிடத்தியிருந்த மையித்தைச் சுற்றி இருந்தவர்களும் சிரிப்பார்கள்.

அந்தச் சிரிப்புக்காகத்தான் முப்பத்தெட்டு வயதில் ஒன்லைன் வகுப்பில் சேர்ந்தாள். படிப்பித்தது மார்க்கம் படித்த ஆஸியா ஆலிமா. கிழக்கு மாகாணத்துக்காரி. றலியாவின் ஊர்ப் பக்கம், வத்தேகம மத்ரஸாவில் சில காலம் படிப்பித்துவிட்டு, இப்போது புருஷனோடு கட்டாரில். பின்னேரம் அஸர் தொழுததும் அலுமாரிக்கு முன்னால் போனைச் சாத்தி வைத்துவிட்டு றலியா உட்காருவாள்.

"தொண்டையத் திறங்க புள்ள. வாய்க்குள்ள வெச்சு மெல்லாதீங்க."

மாதக்கணக்கில் இருமினாள், கனைத்தாள், வாந்தி வருவதுபோல் ஓங்கரித்தாள். ஒரு நாள் அந்த ஹா வந்தது. ஆலிமா ஒரு கெடு வைத்தாள். நோன்புக்கு முதல் யாஸீனை முழுதாக, பிழையில்லாமல் ஓதிக் காட்ட வேண்டும். காட்டினால், மத்ரஸாவில் நோன்பு மாதம் பெண்களுக்கு முன்னால் இருந்து ஓத அவளுடைய பெயரைச் சொல்லிவிடுவாள்.

ஏப்ரலில் தேவாலயங்களில் குண்டு வெடித்தது. முஸ்லிம் பெயரில் எவனோ செய்ததற்கு இந்த ஒழுங்கையிலும் ஆமிக்காரர் வந்து அரிசி மூட்டையைக் குத்திப் பார்த்தார்கள். வகுப்பு நடந்த வாட்ஸப்பை அரசாங்கம் முடக்கியது, பிறகு விட்டது. றலியா மறுபடி ஓத உட்கார்ந்த இரண்டாம் நாளே பக்கத்து வீட்டுச் சோமாவதி வந்தாள். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். பத்து வருடமாக நல்ல மனுஷி.

"எனக்கு உங்களைத் தெரியும்," என்றாள் சிங்களத்தில். "என் மகனுடைய சிநேகிதப் பொடியன்கள்தான் கேட்கிறார்கள். பின்னேரத்தில் வெளிநாட்டோடு அரபியில் என்ன கதை என்று. நான் ஒன்றும் சொல்லவில்லை. கவனமாக இருங்கள்."

அக்கறையாகத்தான் சொன்னாள். அதுதான் பயமாக இருந்தது.

றலியாவின் புருஷன் மஹ்ரூப் அன்றைக்குச் சோறு தின்னவில்லை. போன வருடம் மார்ச்சில் திகனப் பக்கம் கலவரத்தில் எரிந்த முஸ்லிம் கடைகளில் அவனுடையதும் ஒன்று. "மெதுவா ஓது" என்றான்.

மெதுவாக ஓதினாள். ஆலிமா காதை போனில் ஒட்டிக்கொண்டு, "கேக்குதில்ல புள்ள. என்ன, களவெடுக்கவா போறீங்க? குசுகுசுத்தா ஹாவும் வராது, ஐனும் வராது" என்றாள். உண்மைதான். காற்று மட்டும்தான் வந்தது. கட்டாரில் இருக்கிறவளுக்குச் சுவரைப் பற்றி எப்படி விளங்கப்படுத்துவது? தொண்டை சரியில்லை என்று பொய் சொன்னாள்.

ஓதிக் காட்ட வேண்டிய நாள் வந்தது. நோன்பு தொடங்க இன்னும் இரண்டு நாள். மஹ்ரூப் கதவைப் பூட்டி, ஜன்னலைச் சாத்தி, துண்டை மடித்து இடுக்கில் செருகினான்.

"இன்னைக்கு சத்தமாத்தான் ஓதணும்" என்றாள்.

"அப்படீண்டா பாத்ரூமுக்குள்ள போ."

றலியா அவனைப் பார்த்தாள். பள்ளிவாசல் நிர்வாகத்தில் இருக்கிறவன். கக்கூசுக்குள் இடது காலை முதலில் வைக்கவில்லை என்று பிள்ளைகளுக்கு அடிக்கிறவன்.

"அங்க ஸலாம் சொன்னாலே கூடாது. யாஸீன் ஓதவா?"

"அதுட செவரு பின்பக்கம், சோமாவதி பக்கம் இல்ல. ஒருத்தனுக்கும் கேக்காது."

"அல்லாஹ்வுக்கும் கேக்காது."

"பேசுவ. எரிஞ்சது ஏன்ட கடைதானே, ஒன்ட நாக்கில்லயே."

றலியா முக்காட்டை இழுத்துப் போட்டாள். அலுமாரிக்கு முன்னால் உட்கார்ந்தாள். அழைப்பு வந்தது. பிஸ்மி சொன்னாள். குரலை உரக்க விட்டாள்.

ஆஸியா ஆலிமா ஒரு சொல் குறுக்கிடவில்லை. திருத்தம் இல்லை, இருமல் இல்லை. முதல் பக்கம் போனது, இரண்டாவது போனது. ஹா அதன் இடத்திலிருந்து வந்தது. தன் தொண்டையில் இப்படி ஒருத்தி இருப்பது றலியாவுக்கே தெரியாது. சுவருக்கு அப்பால் ஓடிக்கொண்டிருந்த டிவியின் சத்தத்தை யாரோ குறைத்தார்கள்.

அதை மஹ்ரூப்பும் கேட்டான். முன்னறைக்கு ஓடினான். அடுத்த நிமிடம் ரேடியோ வீடு அதிர அலறியது. சிங்களப் பைலாப் பாட்டு. ட்ரம்பெட், டோலக், கைதட்டல், ஒரு பெண்ணின் இடுப்பைப் பற்றி ஒருவன் பாடினான்.

றலியா நிறுத்தவில்லை. பாட்டுக்கு மேலே ஓதினாள். அவன் இன்னும் கூட்டினான்.

"நிறுத்துங்க!" என்று கத்தினாள் ஆலிமா. "அல்லாஹ்ட கலாம் ஓதுற இடத்துல பாட்டா? உங்கட வீட்டுல மனுசர்தானே இரிக்காங்க?"

"ஆலிமா, அது வந்து…"

"ஒண்டும் சொல்ல வேணாம். அதபு, மரியாத இல்லாத வீட்டுல ஓதல் எதுக்கு? உங்கட பேர நான் சொல்ல மாட்டன்."

போன் இருண்டது. பாதி யாஸீனில் குர்ஆன் விரிந்து கிடந்தது. மஹ்ரூப் வாசலில் நின்றான். வேர்த்திருந்தது.

மறுநாள் சோமாவதி ஒரு தட்டுப் பலாச்சுளையோடு வந்தாள். முகமெல்லாம் மலர்ந்திருந்தது. "நேற்று நல்ல பாட்டு. என் மகன் கூடச் சொன்னான், அவர்களும் எங்களைப் போல மனுஷர்தான் என்று. தினமும் போடுங்களேன்."

மஹ்ரூப் சிரித்துக்கொண்டே தட்டை வாங்கினான். அவள் போனதும் ஒரு சுளையை வாயில் போட்டுக்கொண்டு, "பாத்தியா?" என்றான்.

றலியா குர்ஆனை உறையில் போட்டு, அலுமாரியின் மேல்தட்டில், உடுப்புகளுக்குப் பின்னால் தள்ளினாள். அஸர் தொழுததும் முன்னறைக்குப் போய், அவன் சொல்லாமலே, ரேடியோவைப் போட்டாள்.