மைக்ரோவேவில் ஒரு கிண்ணம் தண்ணீர்

செய்தக்மெத் குதிரையிலிருந்து விழுந்திருந்தால்கூட வெளியே சொல்லிக்கொள்ளலாம். மனுஷன் சொந்த வீட்டு வாசல்படியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டார். அறுபத்தெட்டு வயது வரைக்கும் சேணத்தில் உட்கார்ந்தவர். ஷியேலி ஊர்க்காரர்கள் ஒருவர் விடாமல் வந்து வருத்தப்பட்டுவிட்டு, தெருவுக்குப் போனதும் சிரித்தார்கள்.

மருமகள் மென்சுலுவுக்குச் சிரிப்பு வரவில்லை. அன்று காலை படியில் உறைந்திருந்த பனிமேல் வெந்நீரைக் கொட்டியவள் அவள்தான். கொட்டினால் உடனே துடைத்தெடுக்க வேண்டும். இல்லாவிட்டால் கண்ணாடி மாதிரி மறுபடி உறைந்துவிடும் என்று இங்கே பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். குழந்தை அழுததென்று உள்ளே ஓடினாள், துடைப்பதை மறந்தாள். மாமனார் அதைப் பற்றி இன்றுவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவளுக்குப் பாதி பாரம் இறங்கியிருக்கும்.

புருஷன் தல்காத்துக்கு எண்ணெய் வயலில் வேலை. பதினைந்து நாள் அங்கே, பதினைந்து நாள் இங்கே. மாமனாரோ கடைசி அறையில் படுத்த படுக்கை. டிவி பெட்டி அங்கே ஒன்று இருந்தாலும், டிஷ் ஆன்டெனாவின் வயர் வந்து சேர்ந்தது பெரிய அறையில்தான். கடைசி அறையில் ஒரே ஒரு சேனல். அதில் நாள் முழுக்க யாராவது ஒருவர் எதையாவது திறந்துவைத்துக்கொண்டிருந்தார். குத்துச்சண்டை பார்க்க முடியாமல் மாமனார் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தார்.

மென்சுலு டெலிபோன் ஆபீசில் வேலை பார்ப்பவள். வயரென்றால் பயப்படுகிறவளில்லை. ஆனால் நான்கு சுவரைக் குடைந்து வயர் இழுக்க மாமியார் ரபிகா விடமாட்டாள். போன வருஷம்தான் சுண்ணாம்பு அடித்தது. அதனால் கிசிலோர்டா சந்தைக்குப் போய், வயரில்லாமல் படத்தையும் சத்தத்தையும் அனுப்புகிற இரண்டு சின்னப் பெட்டிகளை வாங்கி வந்தாள். ஒன்று அனுப்பும், மற்றது வாங்கிக்கொள்ளும்.

மஞ்சள், வெள்ளை, சிவப்பு என்று மூன்று வயரைச் சொருகினாள். கடைசி அறையில் படத்துக்குப் பதிலாக மழை பெய்தது.

"தெரியுதா மாமா?"

"யாரோ ஒருத்தன் பனிப்புயல்ல மாட்டிக்கிட்டான். நல்லவனா கெட்டவனான்னு தெரியல."

பெட்டியை இரும்புப் பட்டை அடித்த சீதனப் பெட்டிக்குப் பின்னால் வைத்திருந்ததுதான் தப்பு. எடுத்துக் கண்ணாடி அலமாரியின் மேல்தட்டில் வைத்தாள். அலமாரி, வாசலுக்கு நேர் எதிர்ச் சுவரில், விருந்தாளிகளில் மூத்தவர்கள் உட்காருகிற மேல்கோடியில் இருந்தது. மாமியார் நாற்காலிமேல் ஏறி அதன் ஆன்டெனாவைப் பிடித்துக்கொண்டு, "கையை எடுத்தா போயிடும்னா நான் இப்படியே நின்னு செத்துப்போறேன், எனக்கென்ன" என்றாள். பின்பக்கத்துச் சின்ன சுவிட்சை மூன்றாம் எண்ணுக்குத் தள்ளியதும் படம் பளிச்சென்று நின்றது. மாமியார் கையை எடுத்தும் நின்றது.

அன்று சாயங்காலமே தகராறு. ஏழாவது சுற்று, ஒருவன் தள்ளாடுகிறான், சரியாக அந்த நேரம் திரை முழுக்கப் புள்ளி, காது கிழிகிற இரைச்சல். மாமனார் போட்ட சத்தத்தில் நாய் குரைத்தது. மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள்தான் மென்சுலு கண்டுபிடித்தாள்: மாமியார் சமையலறையில் மைக்ரோவேவை ஓட்டும்போதெல்லாம் இது நடக்கிறது. அதன் அலையும் இதன் அலையும் ஒன்றையொன்று மிதித்துக்கொள்கின்றன.

"அப்போ அவர் குத்துச்சண்டை பார்க்க நான் ஆறிப்போன ரொட்டி திங்கணுமா?" என்றாள் ரபிகா.

"திங்காதே. யாரு கெஞ்சினா?" என்று கடைசி அறையிலிருந்து பதில் வந்தது.

பேரன் நடக்க ஆரம்பித்தான். காலில் கயிறு கட்டி, அதை வெட்டி நடக்கவிடுகிற விசேஷம் வைத்தார்கள். விசேஷம் பெரிய அறையில், தாத்தா கடைசி அறையில். கட்டிலோ கதவில் நுழையாது. மென்சுலு தல்காத்தின் வீடியோ கேமராவை அந்தப் பெட்டியில் இணைத்து, அலமாரியில் கண்ணாடிக் கிண்ணங்களுக்கு நடுவில் உட்கார வைத்தாள். கயிற்றை வெட்டியது மாமனாரின் ஒரே தம்பி கென்ஜெபெக். இதற்காகவே கராகண்டாவிலிருந்து ரயிலேறி வந்தவர். அறுபது வயசு, முகத்தில் பாதி மூக்கு. அண்ணன் அவரைப் பேர் சொல்லியே கூப்பிட்டதில்லை, 'மூக்கா'தான். கயிற்றை வெட்டிவிட்டு நேரே கேமராவுக்குள் மூக்கை நீட்டினார்.

"அண்ணே, அங்க இடம் பத்துதா? இன்னும் கொஞ்சம் மூக்கு பாக்கியிருக்கு."

சொல்லிவிட்டு, பதில் கேட்க நடைவழியில் குடுகுடுவென்று ஓடினார். அண்ணன் ஒன்று சொல்ல, திரும்ப ஓடிவந்து கேமராவிடம் மறுபதில். சாப்பாடு ஆறும் வரை இரண்டு கிழவர்களும் இப்படியே சண்டை போட்டார்கள். மாமனார் கண்ணில் நீர் வரச் சிரித்ததை, விழுந்த பிறகு அன்றுதான் மென்சுலு பார்த்தாள்.

அதன்பின் குத்துச்சண்டை வேண்டாமென்றுவிட்டார். "கேமராவைக் கழட்டாதே கண்ணு. டிவியில வர்றவன் எவனையும் எனக்குத் தெரியாது. இது நம்ம ஜனங்க." வருகிற போகிற விருந்தாளிகளைப் படுத்தபடியே பார்த்துக்கொண்டிருப்பார். "நான் உங்களைப் பார்க்கிறேன், நீங்க என்னைப் பார்க்கலை. செத்தவனுக்கு இப்படித்தான் இருக்கும்போல" என்று ஒருநாள் சொல்லி, ரபிகாவிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார். நாளடைவில் அலமாரியில் ஒரு கேமரா இருப்பதே வீட்டில் எல்லாருக்கும் மறந்துபோனது.

மூன்று வாரம் கழித்து, ஒரு வியாழக்கிழமை விடியலில் கராகண்டாவிலிருந்து போன் வந்தது. கென்ஜெபெக் தூக்கத்திலேயே போய்விட்டார்.

எங்கள் பக்கம் சாவுச் செய்தியை யார் வேண்டுமானாலும் வாய்க்கு வந்தபடி போட்டு உடைத்துவிட முடியாது. பெரியவர்கள் கூடி வர வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்து, எங்கேயோ ஆரம்பித்து, கேட்பவர் மனசு தானாகப் புரிந்துகொள்ளும்படி மெல்லக் கொண்டுபோக வேண்டும். அழும்போது தாங்கிக்கொள்ள ஆள் இருக்க வேண்டும். மாமனாருக்கு நெஞ்சுவலி வேறு. அதிர்ச்சி கூடாதென்று டாக்டர் கண்டித்துச் சொல்லியிருந்தார். "பெரியவங்க வந்து சொல்ற வரைக்கும் எவ முகத்துலயாவது சொட்டுத் தண்ணி பார்த்தேன், தொலைச்சிடுவேன்" என்று சொன்ன ரபிகா, தானே சமையலறை மூலையில் தலைத்துணியின் நுனியைக் கடித்துக்கொண்டு நின்றாள். நூற்றிருபது கிலோமீட்டர் தள்ளியிருந்த ஒராஸ்பாயை அழைத்துவரக் கார் போனது. எண்பது வயசு, சாவு சொல்வதில் அந்த வட்டாரத்திலேயே பேர் போனவர்.

மென்சுலுவுக்குக் கை ஓடவில்லை, கால் ஓடவில்லை. இறைச்சியை அடுப்பேற்றினாள், மாவு பிசைந்தாள், நடுவில் மாமனாருக்கு மாத்திரை கொடுக்கப் போனாள். அவர் கண் மூடியிருந்தார், டிவி கறுப்பாக இருந்தது. அப்பாடா என்று கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

மதியம் ஏழு பேர் வந்து பெரிய அறையில் உட்கார்ந்தார்கள். மேல்கோடியில், அலமாரியில் முதுகு சாய்த்து, ஒராஸ்பாய். வாசலோரம் மண்டியிட்டு மென்சுலு தேநீர் ஊற்றினாள். கடைசி அறைக்குப் போகும் முன் என்ன பேசுவதென்று அவர்கள் இங்கேயே ஒத்திகை பார்த்தார்கள்.

"இப்படி ஆரம்பிக்கலாம்னு இருக்கேன்" என்றார் ஒராஸ்பாய். "ஒரே முளையில ரெண்டு குதிரை கட்டியிருந்துச்சு, செய்தக்மெத். காத்து பலமா அடிச்சப்போ, சின்னக் குதிரை கயித்தை அவிழ்த்துக்கிட்டுப் போயிடுச்சு."

"அவிழ்த்துக்கிட்டுப் போச்சுன்னா என்னமோ ஓடிப்போன மாதிரி இருக்கு, ஐயா" என்றார் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர். "கென்ஜெபெக் அப்படிப்பட்ட ஆளா? குதிரைக்குச் சொந்தக்காரன் வந்து அவிழ்த்துக்கிட்டுப் போனான்னு சொல்லுங்க."

"அதுவும் சரிதான். சொந்தக்காரன் வந்து அவிழ்த்துக்கிட்டுப் போனான்."

மென்சுலுவின் கை நின்றது. 'அவிழ்த்துக்கிட்டுப் போனான்' என்பது அவள் காதில் இரண்டு தடவை விழுந்தது. ஒன்று எதிரே இருந்த கிழவரின் வாயிலிருந்து. இன்னொன்று முதுகுக்குப் பின்னால், நடைவழியின் கடைசியிலிருந்து, தகரத்துக்குள் பேசுகிற மாதிரி. நிமிர்ந்து பார்த்தாள். கண்ணாடிக் கிண்ணங்களுக்கு நடுவில் கேமராவின் சிவப்புப் புள்ளி எரிந்துகொண்டிருந்தது. மாமனார் முழித்து டிவியைப் போட்டிருக்கிறார்.



அந்தப் பெட்டியை அணைக்க வேண்டுமென்றால் ஏழு பெரியவர்களைத் தாண்டி, விரித்த சாப்பாட்டுத் துணியைச் சுற்றி, ஒராஸ்பாயின் தலைக்குமேல் கையை நீட்ட வேண்டும். பெரியவர்கள் உட்கார்ந்திருக்கும்போது மருமகள் அந்தப் பக்கமே போவதில்லை. வாய்விட்டுச் சொன்னாலோ, உள்ளே இருப்பவருக்கும் கேட்கும். கடைசி அறைக்கு ஓடி டிவியை அணைத்தால் ஏன் என்பார். அவரிடம் அவள் பொய் சொன்னதில்லை. சொன்னாலும் முகம் காட்டிக்கொடுத்துவிடும். தூங்கிப்போயிருப்பாரோ, சத்தம் மட்டும் ஓடுகிறதோ என்று ஒரு நப்பாசை.

எழுந்து சமையலறைக்குப் போனாள். ஒரு கிண்ணம் தண்ணீரை மைக்ரோவேவில் வைத்து, ஐந்து நிமிஷத்துக்குத் திருகினாள்.

நடைவழியில் அந்தத் தகரக் குரல் உடைந்து இரைச்சலானது. அப்படியே சுவரில் சாய்ந்து நின்றாள். மணி அடித்ததும் மறுபடி திருகினாள்.

"இறைச்சி அடுப்புல வேகுது. நீ அதுல என்னத்தடி வேகவைக்கிற?" என்றாள் ரபிகா.

"தண்ணி, அத்தை."

"சமோவார்ல தண்ணி கொதிக்குது, உனக்கென்ன புத்தி பிசகிடுச்சா?"

மூன்றாவது தடவை திருகினாள். கிண்ணத்துத் தண்ணீர் பொங்கி வழிந்தது. அப்போது கடைசி அறையில் கைத்தடி சுவரைத் தட்டியது, இரண்டு தட்டு. அவளைக் கூப்பிடுகிற தட்டு.

போனாள். மாமனார் தலையணையை நிமிர்த்தி வைத்து உட்கார்ந்திருந்தார். திரையில் புள்ளிகள் கொதித்துக்கொண்டிருந்தன. அவர் அவளைப் பார்க்கவில்லை.

"அந்த அடுப்பை நிறுத்து கண்ணு. இவ்வளவு நேரம் ரொட்டியா சுடுவாங்க?"

அவள் நின்ற இடத்திலேயே நின்றாள்.

"நீ திருகுறதுக்கு முன்னாடியே கேட்டுட்டேன்" என்றார். கை போர்வையை இறுக்கிப் பிடித்திருந்தது. "அழாதே. இப்போ அழக் கூடாது. கார்லயா வந்தார் ஒராஸ்பாய்?"

"ஆமா மாமா."

"இந்தப் பனியில. எண்பது வயசுல." மூச்சை இழுத்துவிட்டார். "தேநீர் முடிச்சிட்டு வரட்டும். அவர்தான் எனக்குச் சொல்லணும். அதுதான் முறை. என் தம்பியோட சாவு இந்தப் பெட்டியில வந்ததா இருக்க வேணாம். இதை அணைச்சிடு. எனக்கு ஒண்ணும் தெரியாது, உனக்கும் ஒண்ணும் தெரியாது."

அணைத்தாள். வாசலுக்குப் போனவளை, "கண்ணு" என்று கூப்பிட்டார். "வெந்நீர் ஊத்துறதுல உனக்கு ராசியே இல்லை."

படியைத்தான் சொல்கிறார். இத்தனை நாள் சொல்லாததை, இந்த நேரத்தில், சிரிக்கிற மாதிரி சொல்கிறார். அவளுக்கு அவர் காலைப் பிடித்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. தலையைக் குனிந்துகொண்டு வெளியே வந்தாள்.

அரைமணி நேரம் கழித்துப் பெரியவர்கள் உள்ளே வந்தார்கள். ஒராஸ்பாய் கட்டிலோரம் உட்கார்ந்து மாமனாரின் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார். இடுப்பு எப்படி என்றார். தேவலை என்றார் மாமனார். வழி எப்படி, பனி ஜாஸ்தியா என்று விருந்தாளியைக் கேட்கிற மாதிரி நிதானமாகக் கேட்டார். வாசலில் நின்ற மென்சுலுவுக்குத்தான் அந்த நிதானத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை.

"ஒரே முளையில ரெண்டு குதிரை கட்டியிருந்துச்சு, செய்தக்மெத்" என்று ஆரம்பித்தார் ஒராஸ்பாய்.

"ம்."

"காத்து பலமா அடிச்சப்போ, சின்னக் குதிரை..."

அத்தோடு நின்றுவிட்டது. கிழவர் கென்ஜெபெக்கைச் சின்ன வயதில் தோளில் தூக்கித் திரிந்தவர். எத்தனையோ வீடுகளில் சாவு சொன்ன அந்த வாய் திறந்தது, மூடியது. வாத்தியார் தரையைப் பார்த்தார். யாருக்கும் எடுத்துக் கொடுக்கத் துணிச்சல் வரவில்லை. எல்லாரும் மாமனாரின் நெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மாமனார் தன் இன்னொரு கையைக் கிழவரின் கைமேல் வைத்தார்.

"சொல்லுங்க அண்ணே" என்றார் மெதுவாக. "சொந்தக்காரன் வந்து அவிழ்த்துக்கிட்டுப் போயிட்டானா?"

ஒராஸ்பாய் தலையை மட்டும் ஆட்டினார். "ரத்தத்துக்குத் தெரிஞ்சிருக்கு" என்று பின்னாலிருந்து ஒருவர் முணுமுணுத்தார்.

"மூக்கா" என்று வீடே அதிரக் குரலெடுத்தார் மாமனார். "என் மூக்கா, எனக்கு முன்னாடி எங்கடா போனே?" ஏழு பேரும் அவர்மேல் சாய்ந்து தாங்கிக்கொண்டார்கள். ரபிகா சமையலறையிலிருந்து அலறிக்கொண்டு ஓடிவந்தாள். இனி அழலாம் என்று ஆனதும், மென்சுலு கதவைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள்.